தமிழ்ப் பத்திரிகையில் ஹாஸ்யச் சித்திரம்

1906ஆம் வருஷம் மே மாதத்தில் சென்னைப் பட்டணத்திலிருந்து ‘இந்தியா’ என்னும் வாரப் பத்திரிகை வெளிவரத் தொடங்கிய காலத்தில் தமிழ்நாட்டில் பத்திரிகை வாசிப்போர் தொகையே சொற்பம். அவர்களிலும் ராஜாங்க விஷயங்களைப் பற்றி நாலு பேர் கேட்கப் பேசத் துணிந்தவர்கள் அதனினும் சொற்பம். அத்தகைய காலத்தில், சிவப்பு நிறக் காகிதத்தில் அச்சாகி, சித்திரம் ஒன்றைத் தாங்கி வந்து, அந்தச் சித்திரத்தின் மூலமாகவே அந்நிய ஆட்சியையும் அதனை அண்டி நின்ற நம்மவர்களையும் ஒருசேர இடித்துரைத்த அந்தப் பத்திரிகையை எழுதி நடத்தியவர் சுப்பிரமணிய பாரதியார். தமிழில் அரசியல் கருத்துப்படம் வேரூன்றியது அவருடைய கையால்தான். பாரதியாரின் கவிதையைக் கொண்டாடும் நாம் அவருடைய இந்தக் கைங்கரியத்தைப் பெரும்பாலும் மறந்தே இருக்கிறோம் என்பது என் மனத்தை உறுத்தும் விஷயம்.

கேலிச் சித்திரத்தைப் பத்திரிகையில் வெளியிடும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்தது. லண்டனில் 1841இல் தோன்றிய ‘பஞ்ச்’ பத்திரிகையைப் பார்த்துப் பம்பாயில் 1854இல் ‘பார்ஸி பஞ்ச்’ பிறந்தது. லக்னௌவில் 1877இல் உருது மொழியில் ‘அவத் பஞ்ச்’ பிறந்தது. ஆனால், அதிகாரத்தில் இருப்பவர் முகத்துக்கு நேரே நின்று சிரிக்கும் சாமர்த்தியத்தை நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை. தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்துக் கொலுவில் வீற்றிருக்கும்போது, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையையே வாங்கித் திருப்பி, போகிற போக்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரிய மனிதரையும் ஓர் இடி இடித்துவிட்டு, விடிய விடிய ஜனங்களைச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனை நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கிறோம். கருத்துப்படக்காரர் அந்தக் கட்டியங்காரனுக்குப் பத்திரிகையில் வந்த வாரிசு என்பது என் அபிப்பிராயம்.

பாரதியார் தூரிகை பிடித்தவர் அல்லர். கருத்து அவருடையது, கை ஓவியருடையது. சித்திரத்தின் கீழே அது எதைக் குறிக்கிறது, அதில் நிற்பவர் யார், அவர் செய்கையின் தாத்பர்யம் என்ன என்றெல்லாம் விஸ்தாரமான விளக்கம் ஒன்றும் அச்சாகும். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் காங்கிரஸிலே மோதிக்கொண்டது, சுதேசி இயக்கம், நாட்டைப் பீடித்த பஞ்சம் என்று அன்றைய விவகாரங்கள் அனைத்தும் அந்தப் படங்களில் இடம்பெற்றன. விளக்கம் வேண்டியிருக்கும் கேலிச்சித்திரம் கேலிச்சித்திரமே அல்ல என்று இக்காலத்தில் சிலர் வாதிப்பதுண்டு. அந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டோவியத்தின் மூலமாக அரசியல் பேசும் முறையை அதற்கு முன் கண்டறியாத ஒரு சமூகத்துக்கு, படத்தைப் படிக்கும் வித்தையையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை அவர் பொறுமையோடும் மரியாதையோடும் செய்தார்.

1908இல் பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த எம். சீனிவாசன் ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டுத் தண்டனை அடைந்தார். பாரதியார் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். பத்திரிகையும் அங்கே போயிற்று. 1910இல் நின்றும் போயிற்று. சித்திரங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்று தனிப் பத்திரிகை ஒன்று நடத்தவேண்டுமென்று அவர் கொண்டிருந்த ஆசையும் நிறைவேறவில்லை. கோபத்திலே பிறந்த கலை இது. பிற்காலத்தில் அது குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கும் கலையாக மாறியபோதும் அதன் ஜாதகத்தில் இந்தக் கோபம் இருந்துகொண்டேதான் இருந்தது.

அந்த மாறுதலுக்கு நிலைக்களமாக அமைந்தது ‘ஆனந்த விகடன்’. பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையை, எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து 1928இல் எஸ். எஸ். வாசன் வாங்கினார் என்று சொல்வார்கள். கல்கி வந்து ஆசிரியப் பொறுப்பை ஏற்று, ஹாஸ்யத்தைத் தமிழ் வசனத்தில் நிலைநாட்டினார். அவருடைய பேனாவுக்கு ஈடுகொடுக்கக்கூடிய கோடு ஒன்று தேவையாயிருந்த சமயத்தில் மாலி வந்து சேர்ந்தார்.

மாலியின் பெயர் டி. ஆர். மகாலிங்கம். புல்லாங்குழல் வித்வான் மாலிக்கும் அதே பெயர், அதே முதலெழுத்துக்கள். இருவரையும் ஒருவராக எண்ணி மயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. சித்திரக்காரரான மாலி சாதித்தது என்ன என்பது விளங்கவேண்டுமானால் அக்காலத்து அச்சு முறையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓவியர் கெட்டிக் காகிதத்தில் கறுப்பு மசியால் பெரிதாக வரைந்து கொடுப்பார்; அதைப் போட்டோப் பிடித்துச் சிறிதாக்கி, துத்தநாகத் தகட்டில் திராவகம் கொண்டு அரித்து, ‘லைன் பிளாக்’ செய்வார்கள். அந்தப் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெறுமை உண்டு. இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிழல் வேண்டுமென்றால் கோட்டின் மேல் கோடாக இழைக்க வேண்டும். நெருக்கி இழைத்துவிட்டாலோ, மலிவான பத்திரிகைக் காகிதத்தில் மை பரவி எல்லாம் ஒரே திட்டாகிப் போகும். ஆகவே, எந்தக் கோட்டைப் போடுவது என்பதைவிட எந்தக் கோட்டை விட்டுவிடுவது என்று தெரிந்த ஓவியரே அந்தக் காகிதத்தில் பிழைக்க முடிந்தது. அது தெரிந்தவர் மாலி. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி சங்கீத விமர்சனம் எழுத, மாலி வித்வான்களை வரைந்தார். அரியக்குடி ராமானுஜய்யங்கார், செம்மங்குடி சீனிவாசய்யர் போன்ற மஹா வித்வான்களின் முகங்கள், சபைக்கே போயிராத கிராமத்து வாசகர்களுக்கும் அந்தச் சித்திரங்களின் மூலமாகப் பரிச்சயமாயின. தலையின் வடிவம், அங்கவஸ்திரம் தோளில் கிடக்கும் ரீதி, மேல் ஸ்தாயியை எட்டும்போது கழுத்து வளையும் கோணம், இவ்வளவே போதும்; ஆள் இன்னார் என்பதில் சந்தேகமே எழாது. பாடும்போது முகம் கோணுவதை ஒருவருக்குச் சுட்டிக்காட்டினால் கோபம் வருவது சகஜம். மாலியின் பேனா அதைச் சுட்டிக்காட்டியதில் அபிமானம் கலந்திருந்தது.

மாலியால் வளர்க்கப்பட்டவர்கள் பலர். கோயில் சிற்பங்களை வரைவதையே தவமாகக் கொண்ட சில்பி, துப்பறியும் சாம்புவுக்கு மூக்கும் முழியும் தந்த ராஜு, இவர்களோடு கோபாலன் என்ற தஞ்சாவூர் இளைஞர். கோபாலனைக் ‘கோபுலு’ ஆக்கியவரும் மாலியே. 1924இல் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் பயின்று வந்த கோபுலுவின் சித்திரங்களைப் பற்றி எழுதும்போது என் பேனா நின்று நிதானிக்க விரும்புகிறது. ஏனெனில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பம் எப்படி உட்கார்ந்தது, எப்படி உண்டது, எப்படி ரயிலேறியது, எப்படிச் சண்டையிட்டுச் சமாதானமானது என்பதற்கு அவருடைய சித்திரங்களைவிடச் சிறந்த சாட்சியம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தபோது அவர் வரைந்த கச்சேரிச் சித்திரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நாதஸ்வரக்காரரின் விரல்கள் துவாரங்களின் மேல் அமர்ந்திருக்கும் நேர்த்தியைக் கண்டபின், கண் மெள்ளக் கூட்டத்தின் பக்கம் நகரும். அங்கே உருவங்களை நிரப்பி ஒப்பேற்றும் பழக்கம் கோபுலுவிடம் கிடையாது. தாளம் போடுகிறவர், தாளத்தைத் தப்பாகப் போடுகிறவர், தூங்கி வழிகிறவர், குழந்தையை அதட்டுகிற தாயார் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதை வைத்திருப்பார். தஞ்சை ஜில்லாத் திருவிழாக் கூட்டங்களில் நின்று பார்த்து மனத்தில் பதித்துக்கொண்ட ஒருவரால்தான் அப்படி வரைய முடியும்.

ஒரு வார்த்தைகூட இல்லாத நகைச்சுவைச் சித்திரங்களைத் தமிழில் பிரபலமாக்கியவரும் அவரே. முதல் கட்டத்தில் ஒரு சிறு சம்பவம். அடுத்த கட்டத்தில் அதன் விளைவு. கடைசிக் கட்டத்தில் வாசகர் எதிர்பாராத முடிவு. பேச்சு இல்லாததனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் பள்ளிக்கூடம் போகாத குழந்தையும் அதைத் தாமே பார்த்துத் தாமே சிரிக்கலாம். படத்துக்குக் கீழே விளக்கம் எழுதவேண்டியிருந்த பாரதியார் காலத்திலிருந்து, தலைப்புக்கூட வேண்டாத கோபுலு காலத்துக்கு வருவதற்குள் தமிழ் வாசகர்களின் கண் எவ்வளவு பழகிவிட்டது என்பதை எண்ணிப் பார்க்கையில் எனக்கு உண்மையாகவே பெருமிதம் உண்டாகிறது. பிற்காலத்தில் நோயினால் வலது கை செயலிழந்தபோது அவர் இடது கையால் வரையப் பழகி, தொழிலை விடாமல் தொடர்ந்தார். 2015இல் காலமானார்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து விகடத் துணுக்குகளில் வரும் வீடு பெரும்பாலும் பட்டணத்துப் படித்த குடும்பத்தின் வீடு. அதிலும் உயர்ந்த ஜாதியாரின் வீடு. குடியானவரும் கூலிக்காரரும் அந்தச் சித்திரங்களில் வந்தால் விஷயம் தெரியாதவராகவே பெரும்பாலும் வந்தார்கள். வேலைக்காரி எப்போதும் லீவு கேட்டாள். மனைவி எப்போதும் புடவை கேட்டாள். மாமியார் எப்போதும் கதவோரம் நின்றாள். சிரிப்பு மேலிருந்து கீழே பாய்ந்தபோதெல்லாம் அது தன் சக்தியில் பாதியை இழந்தது. 1970இல் சோ தொடங்கிய ‘துக்ளக்’ இரண்டு கழுதைகளை அட்டையில் நிறுத்திப் பேசவைத்தபோது, சிரிப்பு மறுபடியும் அதிகாரத்தில் இருப்பவர்களை நோக்கித் திரும்பியது.

கடலுக்கு அப்பால் இதே கலை வேறு மண்வாசனையோடு வளர்ந்த கதையும் உண்டு. இலங்கையில் ‘சுந்தர்’ என்ற பெயரில் வரைந்த சிவஞானசுந்தரம், ஹாஸ்யத்துக்காகவே ‘சிரித்திரன்’ என்ற பத்திரிகையைக் கொழும்பில் ஆரம்பித்து, பின்னர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் நீண்ட காலம் நடத்தினார். அவருடைய சவாரித்தம்பர் யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பேச்சைப் பேசினார். மிஸிஸ் டாமோடிரன் பட்டணத்து நாகரிக மோகத்தைத் தன் பெயரிலேயே சுமந்தாள். தமிழ்நாட்டு வாசகர்கள் இந்தப் பாத்திரங்களை அறியாமல் இருப்பது நம்முடைய நஷ்டம்.

இந்தக் கலைக்கு நேர்ந்த மிகப் பெரிய சோதனை, அந்நிய ஆட்சி போய் நாற்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயில், நம்மவர்களின் ஆட்சியிலேயே வந்தது. 1987 மார்ச் மாதத்து ‘ஆனந்த விகடன்’ இதழின் அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம் வெளியாயிற்று. மேடையில் இருப்பவர்களில் சட்டசபை அங்கத்தினர் யார், மந்திரி யார் என்ற கேள்விக்கு, ஒருவர் ஜேப்படிக்காரர் சாயலில் இருப்பதாகவும் மற்றவர் முகமூடிக் கொள்ளைக்காரர் சாயலில் இருப்பதாகவும் அடையாளம் சொல்லும் துணுக்கு அது. சட்டசபை அதை உரிமை மீறலாகக் கருதி மன்னிப்புக் கேட்கச் சொல்லிற்று. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் மாதத்தில் அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. தேசம் முழுவதிலும் பத்திரிகைகள் கண்டனக் குரல் எழுப்பவே, சில தினங்களுக்குள் அவர் விடுதலை செய்யப்பட்டார். அதோடு அவர் விடவில்லை, வழக்குத் தொடர்ந்தார். அந்தத் தண்டனை சட்டத்துக்குப் புறம்பானது என்று 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அடையாள நஷ்டஈடாக 1,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. தொகை சிறிது. ஆனால், சிரித்ததற்காக ஒருவரைச் சிறையில் தள்ளியது தவறு என்று நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியிருப்பது, வரப்போகும் ஓவியர்கள் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு.

அதே 1994ஆம் ஆண்டில்தான், ‘இந்தியா’வில் வந்த கருத்துப்படங்களைத் திரட்டி ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்ற நூலாக வெளியிட்டார். பழைய சித்திரங்களைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. மற்றவர்களின் சித்திரங்களுக்கு அந்தப் பாக்கியம் முழுமையாகக் கிட்டவில்லை. அச்சான பின் மூலச் சித்திரத்தைப் பொக்கிஷமாக எண்ணிப் பாதுகாக்கும் வழக்கம் நம் பத்திரிகை உலகில் வேரூன்றவில்லை. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பழைய இதழ்களும், தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து அந்தக் காலத்துக் குடும்பங்கள் போட்டுவைத்த பைண்டு புத்தகங்களுமே. அத்தகைய பைண்டு ஒன்றைப் புரட்டினால், கதைப் பக்கத்தின் மறுபுறத்தில், விளிம்பு வெட்டும்போது பாதி போய் மீதி நிற்கும் விகடத் துணுக்கு ஒன்று கண்ணில் படும். கதைக்காகக் காப்பாற்றிய பக்கத்தில் சித்திரமும் தற்செயலாகப் பிழைத்துக் கிடக்கும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் அடிப்படையாகக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று நடந்துவருகிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய விகடனோ, கல்கியோ, தீபாவளி மலர்களோ, நூல் அறுந்த பைண்டோ கட்டுக் கட்டாகக் கிடக்கலாம். பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால், தயவுசெய்து அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.