உணவகச் சிங்க் வடிகால் நாற்றம்

உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் சிங்க்கின் வடிகாலிலிருந்து எழும் கெட்ட வாடை. குழாயின் உட்சுவரில் படியும் எண்ணெய்ப் பிசுக்கிலும் சோற்றுத் துணுக்கிலும், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதனுடையதே. சிங்க்கின் அடியிலுள்ள வளைகுழாயில் தேங்கி நிற்கும் நீர், சாக்கடை வாயு மேலேறாமல் தடுக்கிறது. இத்தகைய வளைவு கொண்ட கழிப்பறைக்கு அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்றார். புழங்காத சிங்க்கில் அந்த நீர் வற்றிவிடும். காற்றுப்போக்குக் குழாய் அடைபட்டிருந்தால், வேகமாக வடியும் நீர் வளைகுழாயில் தேங்கிய நீரையும் உறிஞ்சிச் சென்றுவிடும். ஆகவே முதலில் ஒரு செம்பு நீர் ஊற்றிப் பார்ப்பதே முறை. வாடை நின்றால் செலவு அவ்வளவுதான்.

நிற்காவிட்டால் வளைகுழாயைக் கழற்றித் தேய்க்க வேண்டும். கொதிநீர் ஊற்றுவது பரவலான பழக்கம், பயன் குறைவு. உருகிய கொழுப்பு சற்றுத் தள்ளிப் போய் மறுபடி உறையும். பல உணவகங்களில் கோளாறு இருப்பது, கழிவுநீரிலுள்ள கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டியான கிரீஸ் டிராப்பில். அதன் கொள்ளளவில் 25 சதவீதம் கொழுப்பும் கசடும் சேர்வதற்குள் அள்ளிவிட வேண்டும். சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் கரைசலோடு அமிலத்தையோ வினிகரையோ கலக்கக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு உண்டாகும்.