ஆர்க்கிட்டுக்குத் தாமிர மருந்து தெளிக்கலாமா?

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அக்கா ஒரு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்க்கிறாள். ஐப்பசி மழையில் இலையெல்லாம் கறுப்புப் புள்ளி. உரக்கடையில் கேட்டால், கத்தரிக்கும் மிளகாய்க்கும் தருகிற அதே காப்பர் ஆக்சிகுளோரைடை எடுத்து நீட்டினார்கள். தெளிப்பதற்கு முன்னால் கொஞ்சம் படித்துப் பார்த்ததில் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு.

தாமிர மருந்து பிறந்ததே திருட்டுப் பயத்தில்தான்! பிரான்சில் போர்டோ பக்கம், வழியில் போகிறவர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்து வைப்பார்களாம். 1882ல் மில்லார்டே என்ற பேராசிரியர், மற்ற கொடிகள் நோயில் இலை உதிர்ந்து நிற்க, இவை மட்டும் பச்சையாக இருப்பதைக் கவனித்தார். 1885ல் செய்முறையை வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை.

இலங்கைக்கு அது தாமதமாகிவிட்டது. அங்கே 1869லேயே காப்பியில் துருநோய் வந்துவிட்டது. 1880 முதல் 1882 வரை அங்கே ஆராய்ந்த மார்ஷல் வார்டு, காரணம் பூஞ்சைதான் என்று விளக்கினார். பலனுள்ள மருந்துதான் கையில் இல்லை. காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்துக்குப் பருவம் போய் வந்த நம் ஊர்த் தொழிலாளிகள், வருடம் முழுக்க வேலையுள்ள தேயிலைக்காக அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். மலையகத் தமிழர் வரலாற்றில் ஒரு பூஞ்சைக்கும் பங்கு உண்டு.

சரி, ஆர்க்கிட்டுக்கு வருவோம். காப்பி தாங்கும் தாமிரத்தை டென்ட்ரோபியம் தாங்காது. இலை கருகும், மொட்டு உதிரும். இன்னொரு வேடிக்கை: காட்டில் ஆர்க்கிட் விதை முளைப்பதற்கே ஒரு பூஞ்சை துணை வேண்டும் (1899ல் நோயல் பெர்னார்ட் கண்டுபிடித்தது).

தாமிரம் வேண்டாமென்று வந்த பெனோமில் கதை இன்னும் மோசம். 1991ல் டூபாண்ட் தன் பென்லேட் மருந்தில் ஒரு வகையைத் திரும்பப் பெற்றது. செடிகள் பாழாயின என்று ஹவாய் ஆர்க்கிட் விவசாயிகள்கூட வழக்குப் போட்டார்கள். கம்பெனி மறுத்தது, ஆனாலும் 2001ல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தியாவில் பெனோமிலுக்குத் தடை வந்தது 2018 ஆகஸ்டில்! பெனோமில் சிதைந்து உண்டாகும் கார்பென்டாசிம் மட்டும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆகவே பாக்கெட்டின் பெயரை மட்டும் பார்க்காமல், உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள்.

அக்கா எதையும் தெளிக்கவில்லை. பிளேடை நெருப்பில் காட்டி, புள்ளி விழுந்த இலைகளை வெட்டினோம். தொட்டியை மழை படாத, காற்று வருகிற இடத்துக்கு மாற்றியிருக்கிறோம். புது இலை வந்தால் படம் போடுகிறேன் :-)