மனச்சாட்சியும் சமூகமும்: சார்ல்ஸ் மாலிக்கின் பொதுவாழ்வு

லெபனான் நாட்டு அரசியலறிஞரும் அரசதந்திரியுமாகிய சார்ல்ஸ் மாலிக்கின் பெயர் திருச்சபை வட்டாரங்களுக்கு முற்றிலும் புதியதன்று. 1966 முதல் 1972 வரை ஐக்கிய வேதாகமச் சங்கங்களின் துணைத் தலைவராகவும், 1967 முதல் 1971 வரை உலகக் கிறிஸ்தவக் கல்வி மன்றத்தின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். அவரைப் பாராட்டி எழுதுவோர் பெரும்பாலும் 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைச் சாற்றுரையோடு நின்றுவிடுகின்றனர். அதன் பின்னும் முப்பத்தொன்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவ்வாண்டுகளில் அவர் மேற்கொண்ட நிலைகள் முன்னைய நிலைகளோடு எளிதில் பொருந்துவனவல்ல. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்காவிடில் அம்மனிதரை நாம் அறிந்தவராகமாட்டோம்.

1906-இல் வட லெபனானின் கூரா பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். திரிப்போலி நகரில் அமெரிக்க மிஷனெரிமார் நடத்திய பள்ளியிலும், பின்னர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். கணிதமும் இயற்பியலும் கற்றவரை மெய்யியல் ஈர்த்துக்கொண்டது. ஹார்வர்டில் வைட்ஹெட்டிடமும், 1935-36-இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் ஹைடெகரிடமும் பாடம் கேட்டார். காலம் பற்றிய அவ்விருவர் கோட்பாடுகளை ஆராய்ந்தே 1937-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியில் வாழ்ந்த அந்த மாதங்கள் அவர் கல்வியில் ஒரு தனிப் பாடம் எனலாம். அரசும் இனமும் தனிமனிதனை விழுங்குவதை அவர் நூலில் படித்தறியவில்லை, நேரில் கண்டார்.

1945-இல் லெபனான் அரசு இப்பேராசிரியரை அமெரிக்காவுக்குத் தன் தூதராக அனுப்பியது. அவ்வாண்டே சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் லெபனானின் சார்பில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். 1947-இல் எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் தலைமையில் மனித உரிமை ஆணைக்குழு கூடியபோது மாலிக் அதன் அறிக்கையாளரானார். தொடக்கக் கூட்டங்களிலேயே அவர் தம் நிலையைத் தெளிவாக்கினார். மனிதன் தான் சார்ந்த எக்குழுவிற்கும் மேலானவன். அவன் உள்ளமும் மனச்சாட்சியும் மிகப் புனிதமானவை. அரசோ சமயமோ இனமோ, எத்திசையிலிருந்து வரினும், அவன் இசைவைக் கட்டாயத்தால் பெற முயலும் அழுத்தம் தவறானது. தனிமனிதன் தவறுவதுபோலவே குழுவும் தவறக்கூடும். இதுவே அவர் கூறியதன் சாரம். சமூகத்தினின்று பிரித்துத் தனிமனிதனைக் காணலாகாது எனச் சோவியத், யுகோஸ்லாவியப் பிரதிநிதிகள் கடுமையாக மறுத்தனர். கட்டாயப்படுத்தக்கூடிய சக்திகளுள் சமயத்தையும் அக்கிறிஸ்தவர் சேர்த்துக்கொண்டதை, திருப்பணியாளராகிய நாம் விரைந்து கடந்துவிடலாகாது.

அக்குழுவில் அவருக்கு ஈடான அறிஞர் சீனத்தின் பி. சி. சாங். எலினோர் அம்மையாரின் இல்லத்தில் நடந்த தேநீர் விருந்தொன்றில் இருவரும் மெய்யியல் வாதத்தில் இறங்கிவிட்டனராம். முதல் வரைவை எழுதும் பொறுப்பேற்றிருந்த கனடியர் ஜான் ஹம்ப்ரியை நோக்கி, பணியைத் தொடங்குமுன் சில மாதங்கள் கன்பூசியஸைப் படித்து வரலாமே என்று சாங் கூறியதாக ஒரு செய்தி உண்டு. இந்தியாவின் ஹன்சா மேத்தா அம்மையாரோ, இத்தகைய வாதங்களிலும் சொல்லின் பயனையே பெரிதாகக் கருதியவர். ‘ஆடவர் அனைவரும்’ என்று பொருள்படக்கூடிய தொடரை ‘மனிதர் அனைவரும்’ என மாற்றச் செய்தவர் அவரே.

1948-இன் இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரில் பொதுச்சபையின் மூன்றாம் குழு வரைவை ஆராய்ந்தது. மாலிக் அதன் தலைவர். பொருளாதார சமூக மன்றத்தின் தலைமையும் அவ்வாண்டு அவரிடமே இருந்தது. 160-க்கும் மேற்பட்ட திருத்தங்கள், எண்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்கள். பேச்சை நீட்டியவர்களைக் கடிகாரம் கொண்டு அவர் அடக்கினார். மெய்யியலாருக்கு இத்திறன் வாய்ப்பது அரிது.

பதினெட்டாம் பிரிவு குறித்த வாதமே நமக்கு மிக நெருக்கமானது. சமய சுதந்தரம் என்பது சமயத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்தரத்தையும் உள்ளடக்கும் என்ற தொடர் இடம்பெற வேண்டுமென மாலிக் உறுதியாக நின்றார். துன்புறுத்தப்பட்டோர் பலருக்குத் தம் நாடு நெடுங்காலமாகப் புகலிடமாக இருந்து வந்ததை அவர் எடுத்துரைத்தார். எதிர்த்து வாதிட்டவர் சவூதி அரேபியாவின் பிரதிநிதி ஜமீல் பரூடி. அவரும் லெபனானில் பிறந்த கிறிஸ்தவரே என்பது விந்தை. அத்தொடருக்கு ஆதரவாகத் திருக்குர்ஆனைச் சான்று காட்டிப் பேசியவர் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃப்ருல்லா கான். அவர் அகமதியா சமூகத்தைச் சார்ந்தவர். அச்சமூகத்தாரை முஸ்லிம் அல்லாதோர் எனப் பாகிஸ்தான் 1974-இல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 1948 டிசம்பர் 10-ஆம் நாள் சாற்றுரை நிறைவேறியது. ஆதரித்தன 48 நாடுகள். வாக்களியாது விலகி நின்றன எட்டு. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றுமில்லை. அதற்கு நான்கு நாள் முன்னரே, டிசம்பர் 6-இல், புதுடில்லியில் நம் அரசியல் நிர்ணய சபை சமயத்தைப் ‘பரப்பும்’ உரிமையை ஏற்றுக்கொண்டது. அவ்வாதத்தில் அவ்வுரிமைக்கு ஆதரவாகப் பேசியவர்களுள் சென்னை மாகாணத்து டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் எல். கிருஷ்ணசாமி பாரதியும் உண்டு. இருவரும் இந்துக்கள்.

சாற்றுரையின் பதின்மூன்றாம் பிரிவையும் ஈண்டுக் கருதவேண்டும். எவரும் தம் நாட்டைவிட்டு வெளியேறலாம் என்று மட்டும் இருந்த வரைவில், ‘திரும்பி வரவும்’ உரிமையுண்டு என்ற சொற்களைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொணர்ந்தது லெபனான் தூதுக்குழுவே. அவ்வாண்டில் பாலஸ்தீனத்தினின்று ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகள் லெபனானுக்குள் வந்திருந்தனர். மாலிக் அவர்களுக்காக ஐ.நா. மன்றங்களில் பலமுறை வாதாடியவர்.

1956-இல் கமீல் ஷமூன் ஆட்சியில் அவர் வெளியுறவு அமைச்சரானார். அடுத்த ஆண்டு, முறைகேடுகள் நிறைந்தது எனக் குறைகூறப்பட்ட தேர்தலில், கூராவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். எகிப்தின் நாசர் பக்கம் அரபு மக்களின் உள்ளம் திரும்பியிருந்த அவ்வேளையில், ஐசன்ஹோவர் கோட்பாட்டை ஏற்று நாட்டை மேலை அணியில் நிறுத்தியவர் அவர். 1958-இல் உள்நாட்டுக் கிளர்ச்சி மூண்டது. ஜூலை 15 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர் பெய்ரூட்டில் இறங்கினர். அதே ஆண்டு செப்டம்பரில், அரபு நாடுகள் ஆதரித்த சூடான் வேட்பாளரை வென்று, பொதுச்சபையின் தலைவரானார். உலக அரங்கில் உயர்ந்த அதே வேளையில், தம் அண்டை மக்களிடையே அவர் தனிமைப்பட்டார். பொதுவுடைமைக் கட்சியாரின் அடக்குமுறை குறித்து அவர் கொண்ட அச்சம் பொய்யன்று; ஆயின் அரபு மக்களின் விடுதலை வேட்கையையும் அவ்வச்சத்தின் நிழலிலேயே அவர் கண்டது பெரும்பிழை என்பது என் கருத்து.

1975-இல் லெபனான் போரில் மூழ்கியது. 1976 ஜனவரியில் பெய்ரூட்டின் கரந்தினாவில் கிறிஸ்தவப் படைகள் முஸ்லிம் ஏழைகளையும் பாலஸ்தீனரையும் கொன்று குவித்தன. சில நாட்களில் தாமூர் என்னும் கிறிஸ்தவ ஊரில் பாலஸ்தீனப் படையினரும் அவர்தம் துணைவரும் அவ்வண்ணமே செய்தனர். அவ்வாண்டு மாரோனியத் தலைவர்களோடு கூடி லெபனான் முன்னணியை நிறுவியவர்களுள் மாலிக்கும் ஒருவர். தலைவர்களுள் மாரோனியர் அல்லாதவர் அவரே. அம்முன்னணிக் கட்சிகளின் படைகள் தெல் அல் சாதர் அகதி முகாமை முற்றுகையிட்டன. 1976 ஆகஸ்டில் முகாம் வீழ்ந்தபோது மாண்டோர் தொகை ஆயிரத்திற்கும் மேற்பட்டது. மாலிக் படை நடத்தியவரல்லர். எனினும் அப்படைகளின் அரசியல் தலைமைக்கு அறிவாளர் என்ற மதிப்பை வழங்கியது அவர் பெயர்தான். குழுவும் தவறக்கூடும் என்று 1947-இல் உரைத்தவர், தம் குழு தவறியபோது அச்சொல்லை அதன் முன் வைத்ததாகத் தெரியவில்லை. சிறுபான்மையினராக வாழ்வதன் அச்சத்தை அறிந்த நாம் அவரை எளிதில் தீர்ப்பிடவும் முடியாது. எளிதில் விடுவிக்கவும் முடியாது.

மாலிக்கின் துணைவியார் ஏவா அம்மையாரும், எருசலேமில் பிறந்த அறிஞர் எட்வர்ட் சையதின் தாயாரும் ஒன்றுவிட்ட சகோதரியர். 1948-க்குப் பின் சையதின் குடும்பத்தாருக்கு எருசலேமில் வீடு இல்லாமற்போயிற்று. லெபனான் மலையூரொன்றில் கழித்த கோடைக்கால மாலைகளில் மெய்யியல் என்னும் உலகைத் தமக்கு முதலில் திறந்து காட்டியவர் மாலிக் என்பதையும், பின்னாளில் அவர் சென்றடைந்த நிலை தமக்கு அளித்த பெரும் ஏமாற்றத்தையும், 1999-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் சையத் ஒளிவின்றி எழுதியுள்ளார். மாலிக் அதைப் படிக்கவில்லை. 1987 டிசம்பர் 28-ஆம் நாள், போர் ஓயாத பெய்ரூட்டில் அவர் இறந்திருந்தார்.