மும்பையில் எங்கே சாப்பிடலாம்? வாடகை சொல்லும் சரித்திரம்

சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் மும்பை போகிறவர்கள் கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்த்து முடித்ததும் கேட்கும் அடுத்த கேள்வி, "எங்கே சாப்பிடலாம்?" சாதாரண கேள்விதான். ஆனால் அதற்கு மும்பை சொல்லும் பதிலில் 150 வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. யார் பிழைக்க வந்தார்கள், யாருக்கு அடுப்பு இல்லை, யார் எவ்வளவு வாடகை கொடுத்தார்கள்... எல்லாமே அதில் அடக்கம்.

அடுப்பு இல்லாத ஊர்

1850களில் பம்பாய்க்கு ரயில் வந்தது, பஞ்சாலை வந்தது. பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள். ரத்னகிரி, சதாரா பக்கமிருந்து வந்த ஆண்கள் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, 'சால்' எனப்படும் ஒற்றை அறை வரிசை வீடுகளில் பத்துப் பேர், இருபது பேராகத் தங்கினார்கள். ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு யார் சமைத்துப் போடுவது?

அப்படிப் பிறந்ததுதான் 'கானாவள்'. நம்ம ஊர் மெஸ் மாதிரி. ஒரு பெண் தன் வீட்டிலேயே சமைப்பார், தொழிலாளிகள் மாதக் கணக்கில் சாப்பிடுவார்கள், சம்பளம் வந்ததும் பணம். ஆனால் அரிசியும் பருப்பும் கடனுக்கு வாங்கி, அதற்கு வட்டி கட்டியே அந்தப் பெண்கள் நொந்து போனார்கள். 1975-ல் பிரேமா புராவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல், இவர்களைக் குழுவாகச் சேர்த்து வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தது. இன்றைய சுய உதவிக் குழுக்களுக்கு முன்னோடி என்றே சொல்லலாம்.

இரானி வந்தார்

பார்சிகள் இந்தியாவுக்கு வந்து ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஆகிறது. இரானிகள் அப்படி இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் மதக் கொடுமைக்கும் தப்பி வந்தவர்கள். பெரும்பாலும் ஜொராஸ்ட்ரிய மதத்தவர்.

கையில் பெரிய முதல் இல்லை. தெருமுனைக் கடை ராசியில்லை என்று மற்ற வியாபாரிகள் ஒதுக்கிய மூலை இடங்களை இவர்கள் பிடித்தார்கள் என்று சொல்வார்கள். வியாபாரக் கணக்கில் பார்த்தால் அது லாட்டரி! இரண்டு தெருவிலிருந்தும் ஆள் வரும். இரண்டு பக்கமும் வெளிச்சம், காற்று. பளிங்கு மேஜை, வளைத்த மர நாற்காலி, சுவரில் பெரிய கண்ணாடி. டீ, வெண்ணெய் தடவிய பன், மொறுமொறு 'புரூன்' ரொட்டி, மாவா கேக், கீமா பாவ்.

இதில் பெரிய விஷயம் மெனு இல்லை. சாதி பார்த்து உட்கார வைத்த காலம் அது. இரானி கடையில் பெரும்பாலும் அந்தக் கேள்வி வரவில்லை. வக்கீலும் டாக்ஸி டிரைவரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரே டீயைக் குடித்தார்கள். காசு இருந்தால் நாற்காலி உண்டு. அவ்வளவுதான். கியானி (1904), பிரிட்டானியா (1923), கஃபே மிலிட்டரி (1933) எல்லாம் இந்த வரிசையில் வந்தவை.

டீயை மலிவாக்கிய சட்டம்

ஒரு டீக்கு ஒரு மணி நேரம் உட்காரும் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு, தென் மும்பை மாதிரி இடத்தில் கடை எப்படி ஓடியது? பதில் 1947-ம் வருஷத்து பம்பாய் வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. பொதுவாக 1940 செப்டம்பர் 1-ம் தேதி என்ன வாடகையோ, அதையே நியாய வாடகை என்று சட்டம் உறைய வைத்துவிட்டது. மாவு, சர்க்கரை, கூலி எல்லாம் ஏறியது. வாடகை மட்டும் ஏறவில்லை. அதாவது, அந்த டீ விலையில் ஒரு பங்கைக் கட்டிட முதலாளியும் சுமந்தார்!

இதற்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. வருமானம் இல்லாத கட்டிடத்தைச் செப்பனிட முதலாளிக்கு என்ன ஆசை இருக்கும்? கட்டிடங்கள் பழுதாயின. 1999-ல் வந்த புதிய மகாராஷ்டிரா சட்டம், வங்கிகள், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மூலதனம் உள்ள கம்பெனிகள் போன்றவற்றுக்குப் பாதுகாப்பை நீக்கியது. சின்னக் கடைகள் தப்பின. ஆனாலும் இரானி கடைகள் குறைந்துகொண்டே வந்தன. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். ஒரு காலத்தில் ராசியில்லாத மூலை, இப்போது கோடிகள் பெறும் மூலை. டீ விற்பதைவிட இடத்தை விட்டுக்கொடுப்பதே லாபம்.

மாட்டுங்காவும் தாதரும்

தமிழர்களுக்கு நெருக்கமான பக்கம் மாட்டுங்கா. ரயில்வேயிலும் ஆபீஸ்களிலும் குமாஸ்தா, டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் குடியேறிய இடம். கஃபே மெட்ராஸ் 1940-ல் வந்தது. சிறுவனாக உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, பாத்திரம் கழுவிச் சமையல் கற்ற ஏ. ராமா நாயக், 1942-ல் தன் உடுப்பி போர்டிங்கைத் தொடங்கினார். வாழை இலைச் சாப்பாடு, சுடச்சுட ரசம். ஊரை விட்டு வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

வடா பாவ் இன்னும் இளசு. 1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா விற்க ஆரம்பித்தார் என்பார்கள். 1982-ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஆலைகள் பிறகு சரியாக எழவே இல்லை. வேலை போன குடும்பங்களில் பல, தெருவில் வடா பாவ் வண்டி போட்டுப் பிழைத்தன. வாடகையே இல்லாத ஹோட்டல்!

ஆக, இரண்டு நாளில் சாப்பிட வேண்டிய வரிசை எளிது. காலையில் ஓர் இரானி கடை, மதியம் மாட்டுங்கா, சாயங்காலம் தாதர். இரானி கடையில் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பாமல், இரண்டாவது டீயும் ஒரு மாவா கேக்கும் சொல்வது நல்லது. கல்லாவில் விழும் அந்தக் காசுதான் நாளைக்கும் ஷட்டரைத் திறக்க வைக்கும்.