20 மாத சிகிச்சை 6 மாதமாகக் குறைந்தது எப்படி? மருந்து ஆராய்ச்சியை மாற்றும் புது யோசனைகளும், 1956-லேயே வழிகாட்டிய சென்னையும்!

விருதுநகர் மாவட்டம் வ. புதுப்பட்டியில் ஒருவருக்கு, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன்பு வரை அவர் 20 மாதம் வரைகூட மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. அதில் பல மாதங்களுக்கு ஊசி. அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. வேலைக்குப் போக முடியாது, கூலி கிடையாது. பாதியில் மருந்தை நிறுத்தியவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது அதே நோய்க்கு 6 மாதம், வெறும் மாத்திரைகள் மட்டும் என்ற சிகிச்சை வந்திருக்கிறது. 'பிபிஏஎல்எம்' எனப்படும் இந்த நான்கு மருந்துக் கூட்டை உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் பரிந்துரைத்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது.

புது மருந்து கண்டுபிடித்தார்கள், அதனால் குறைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் பாதிதான் உண்மை. மருந்தைச் சோதிக்கும் முறையை மாற்றியதுதான் மீதிப் பாதி.

ஏன் இவ்வளவு தாமதம்?

ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து மெடிக்கல் ஷாப்புக்கு வர 10 வருடத்துக்கு மேல் ஆவது சகஜம். முதலில் விலங்குகளிடம் சோதனை. பிறகு மனிதர்களிடம் மூன்று கட்டம்: முதலில் சில பத்துப் பேர், அடுத்து சில நூறு பேர், கடைசியில் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில். மனிதர்களிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் 10-ல் 9 ஏதோ ஒரு கட்டத்தில் தோற்றுவிடுகிறது. அந்தத் தோல்விகளின் செலவும் கடைசியில் ஜெயித்த மருந்தின் விலையில் வந்து ஏறுகிறது என்பது கம்பெனிகளின் வாதம்.

1956: சென்னையில் நடந்த அந்தச் சோதனை

காசநோய் என்றால் சானடோரியம் என்றிருந்த காலம். சென்னை மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' ஒரு ஸ்டேஷன் பெயர். ஆனால் அந்தப் பெயருக்குக் காரணம் 1928-ல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. இவை இல்லாமல் காசநோய் குணமாகாது என்று உலகமே நம்பியது. ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைக்கு எங்கே போவது?

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை ஏற்றார். அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. அதே மாத்திரையை நோயாளி தன் வீட்டிலேயே இருந்து சாப்பிட்டால் என்ன ஆகும்?

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, 200-க்கும் குறைவான நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டிலேயே. யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல்தான் முடிவு செய்தது. (தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று உத்திரமேரூர் குடவோலை ஞாபகம் வரும். அடிப்படை அதேதான். வேண்டியவர், வேண்டாதவர் என்ற சாய்வு உள்ளே நுழையக் கூடாது.) இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்களா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள்.

முடிவு 1959-ல் வெளியானது. நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, ஓய்வும் குறைவு. இத்தனையும் இருந்தும் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கவனித்தீர்களா? இதில் புது மருந்து எதுவும் இல்லை. கேள்விதான் புதுசு.

சரி, இப்போ என்ன புது யோசனை?

முதலில் அந்த 6 மாத சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். பழைய வழக்கப்படி, ஏற்கனவே இருக்கும் சிகிச்சையோடு ஒரு புது மருந்தைச் சேர்த்து சோதிப்பார்கள். அது ஜெயித்தால் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பல வருடம். 'டிபி அலையன்ஸ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதை மாற்றியது. பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட் மூன்றையும் தனித்தனியாக இல்லாமல் ஒரே கூட்டாகத் தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளிடம் சோதித்தார்கள். சுமார் 90 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு குலுக்கல் முறையில் நடத்திய ஆய்வு. நான்காவதாக மாக்ஸிஃப்ளாக்சசினும் சேர்ந்த கூட்டில் 89 சதவீதம் பேருக்குப் பலன், வழக்கமான சிகிச்சையில் 52 சதவீதம். இரண்டு ஆய்வையும் முன்னின்று நடத்தியது பெரிய மருந்து கம்பெனி அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொரோனா கற்றுக்கொடுத்தது. பிரிட்டனில் 2020 மார்ச்சில் தொடங்கிய 'ரெக்கவரி' ஆய்வு, ஒரே சோதனைக்குள் பல மருந்துகளை வைத்தது. பலன் தராத மருந்தை வெளியே எடுக்கலாம், புதியதை உள்ளே சேர்க்கலாம். ஆஸ்பத்திரிகளில் வழக்கமான சிகிச்சை நடக்கும்போதே ஆய்வும் நடந்தது. ஜூன் மாதமே பதில் வந்தது. டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. நம்ம ஊரில் கடை கடையாகத் தேடப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பலன் இல்லை என்று சொன்னதும் இதே ஆய்வுதான்.

தோற்றதையும் சொல்லணும்

இது கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் தோற்ற சோதனைகள் பல வெளியே வருவதே இல்லை. அடுத்தவர் அதே தவறைத் திரும்பச் செய்கிறார், இன்னொரு குழு நோயாளிகளை வைத்து.

இங்கேயும் நம்மிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், 15 வருடக் கண்காணிப்பு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. தர்மசங்கடமான முடிவுதான், ஆனாலும் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற தீவிர காசநோயிலிருந்து பிசிஜி காப்பாற்றுகிறது. பிறந்ததும் அந்த ஊசி இன்றும் போடப்படுவது அதனால்தான். யாரும் தவிர்த்துவிட வேண்டாம்.

இப்போது இந்தியாவில் மருந்துச் சோதனை தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். சிடிஆர்ஐ என்ற அந்தப் பதிவேடு 2007-ல் வந்தது, 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

விலை விஷயத்தில் நோயாளிகளே இறங்கிய கதையும் உண்டு. ஊசி மருந்தால் கேட்கும் திறனை இழந்து, காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும் பெடாகுயிலின் காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்து இந்தியாவில் மனு செய்தார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை நிராகரித்தது. மற்ற கம்பெனிகளும் மலிவாகத் தயாரிக்க வழி பிறந்தது.

புதுப்பட்டிக்கு வருமா?

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஆனால் மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் பெருநகர ஆஸ்பத்திரிகளில்தான். வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர் கலந்துகொள்ள நினைத்தால் கிருஷ்ணன்கோவில் வந்து மதுரை பஸ் பிடிக்கணும், அதுவும் ஒவ்வொரு பரிசோதனைக்கும். ஒருநாள் கூலி போச்சு. தோட்ட வேலை செய்கிற, வெயிலில் நிற்கிற உடம்பில் அந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்ற தகவலும் சேர்ந்து போச்சு.

இதற்குத்தான் பரவலாக்கப்பட்ட ஆய்வு என்ற யோசனை. ரத்த மாதிரியை உள்ளூரில் எடுப்பது, மருந்தை வீட்டுக்கே அனுப்புவது, போனில் விசாரிப்பது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை ஏற்கனவே வீடு தேடிப் போகிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சட்டகம் தயார் என்றே தோன்றுகிறது. 1956-ல் சைக்கிளும் நடையுமாக இருந்த காலத்தில் முடிந்தது இப்போது முடியாதா?

உங்களைச் சோதனையில் சேரச் சொன்னால்?

பயந்து ஓடவும் வேண்டாம், கேட்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். சிடிஆர்ஐ பதிவு எண் என்ன என்று கேளுங்கள், வீட்டில் போன் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதைக் காரணம் காட்டி உங்களுக்கான வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம். கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.