ஃபேஸ்புக்கை இரண்டரை மணி நேரம் முடக்கிய 'கேஷ்'! டேட்டாபேஸுடன் அது இணைவது எப்படி?

2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் தளம் பலருக்கும் சுமார் இரண்டரை மணி நேரம் திறக்கவே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கள் சந்தித்ததில் இதுவே மோசமான முடக்கம் என அந்நிறுவனமே சொன்னது. ஹேக்கர்கள் யாரும் புகவில்லை. கேஷுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நடந்த போக்குவரத்துதான் காரணம்.

கேஷ் என்றால் என்ன?

பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' அல்ல இது. மளிகைக் கடையில் எல்லாப் பொருளின் விலையும் ஒரு நோட்டில் இருக்கும். அடிக்கடி கேட்கப்படும் பத்துப் பொருளின் விலையை மட்டும் வாசலில் பலகையில் எழுதிவைப்பார்கள். நோட்டுதான் டேட்டாபேஸ், பலகைதான் கேஷ்.

மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸ்கள், தகவலை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக டிஸ்கில் பத்திரப்படுத்துகின்றன. கேஷ் அதன் நகலை ரேம் மெமரியில் வைப்பதால் பதில் உடனே கிடைக்கும். லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் 2003-ல் உருவாக்கிய மெம்கேஷ்டு, இத்தாலியின் சால்வட்டோர் சான்ஃபிலிப்போ 2009-ல் வெளியிட்ட ரெடிஸ் இரண்டும் இதில் பிரபலம்.

இணைப்பது யார்?

பெரும்பாலும் இவை இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் இருக்கும் அப்ளிகேஷன்தான் இணைக்கிறது.

* முதலில் கேஷில் தேடும். இருந்தால் எடுத்துக்கொள்ளும்.
* இல்லையென்றால் டேட்டாபேஸில் கேட்டு வாங்கி, காலாவதி நேரத்தோடு கேஷில் ஒரு நகல் வைக்கும்.
* தகவல் மாறினால் முதலில் டேட்டாபேஸில் எழுதும். பிறகு கேஷில் உள்ள பழைய நகலை அழிக்கும்.

ஏன் அழிக்க வேண்டும், புதிய மதிப்பையே எழுதினால் என்ன? இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால், முந்தைய மதிப்பு கடைசியாக வந்து கேஷில் உட்கார்ந்துவிடலாம். அழித்துவிட்டால் அந்த ஆபத்து குறைவு.

மொழி வேறானால்?

ஒரே நிறுவனத்தில் இணையதளம் பிஎச்பியிலும், கட்டணப் பகுதி ஜாவாவிலும், அறிக்கைகள் பைத்தானிலும் இருக்கலாம். கேஷ் சர்வர் எல்லா மொழிக்கும் பதில் சொல்லும். ஆனால் மூன்று விஷயங்களில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும்.

1. வடிவம்: பைத்தான் தன் 'பிக்கிள்' முறையில் வைத்ததை ஜாவாவால் அப்படியே படிக்க முடியாது. ஜேசன் போன்ற பொது வடிவம் தேவை.

2. பெயர்: ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு 'கீ' உண்டு. மெம்கேஷ்டில் அது வழக்கமாக 250 பைட்டைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். தமிழ்த் தலைப்பையே கீயாக வைத்தால் சீக்கிரமே இடம் தீர்ந்துவிடும்.

3. சர்வர்: மெம்கேஷ்டு சர்வர்கள் பல இருந்தால், எந்தத் தகவல் எதில் என்பதை அப்ளிகேஷன் பக்கம்தான் கணக்கிடுகிறது. இங்கேதான் பெரிய சிக்கலே. கணக்கு முறை வேறுபட்டால், ஜாவா ஒரு சர்வரில் அழிக்கும், பிஎச்பி இன்னொரு சர்வரில் இருக்கும் பழைய விலையையே காட்டும். எர்ரர் எதுவும் வராது.

அன்று என்ன நடந்தது?

கேஷில் தவறான செட்டிங் இருந்தால் டேட்டாபேஸைக் கேட்டுத் திருத்தும் தானியங்கி முறை ஃபேஸ்புக்கில் இருந்தது. அன்று டேட்டாபேஸில் இருந்த மூல மதிப்பே தவறானதாக மாறியது. எல்லா அப்ளிகேஷன்களும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸை நோக்கிப் பாய்ந்தன. நொடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள்! திணறிய டேட்டாபேஸ் எர்ரர் அனுப்ப, அதையும் 'தவறான மதிப்பு' என எடுத்துக்கொண்டு கேஷை அழித்தன. மறுபடியும் கேள்விகள். மூலத் தவறைச் சரிசெய்த பிறகும் இந்தச் சுழல் நிற்கவில்லை. கடைசியில் தளத்தையே நிறுத்திவிட்டு, பயனர்களை மெல்ல மெல்ல உள்ளே விட்டார்கள்.

தீர்வு என்ன?

'கேஷில் இல்லை' என்றால் ஒருவரை மட்டும் டேட்டாபேஸுக்கு அனுப்பி, மற்றவர்களைக் காத்திருக்க வைக்கலாம். 2013-ல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, அதிக நெரிசல் தரும் சில கீகளில் இந்த முறையைச் சோதித்தபோது, உச்ச நேரக் கேள்விகள் நொடிக்கு 17,000-ல் இருந்து 1,300 ஆகக் குறைந்தன.

டேட்டாபேஸ் பதில் தராவிட்டால் கேஷை அழிக்காமல், சற்று பொறுத்து மீண்டும் கேட்பதும் அவசியம். வங்கி இருப்பு, கடைசி டிக்கெட் போன்றவற்றில் கேஷ் சொல்வதை மட்டும் நம்பாமல், பணம் எடுக்கும் முன் டேட்டாபேஸிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.