பல் துலக்குதல்

பல் துலக்குதல் என்பது பற்களின் மேலும் இடுக்குகளிலும் ஈற்றோரங்களிலும் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைக் குச்சியாலோ விரலாலோ பிரஷாலோ அன்றாடம் தேய்த்து அகற்றும் வழக்கம். இந்தப் படலம் உணவு மிச்சத்திலிருந்து வேறானது. உமிழ்நீரின் புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிய, அதன்மேல் பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகுவதால் உண்டாவது. கொப்பளித்தால் போகாது, உரசினால்தான் போகும். விட்டுவைத்தால் உமிழ்நீரின் சுண்ணச்சத்து ஏறிச் சில நாட்களிலேயே இறுகிப் பற்காரையாகிவிடும். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான ஆன்டனி வான் லேவன்ஹூக், 1683இல் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெள்ளை மாவைத் தாமே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நாள்தோறும் உப்பால் பல் தேய்ப்பவர் அவர். அப்படியும் மாவு இருந்தது. பல் கெடும் வழிகள் முக்கியமாக இரண்டு: சொத்தை ஒன்று, ஈறு நோய் மற்றொன்று. துலக்குதல் ஈறு நோயை நேராகவே தடுக்கிறது. சொத்தையை, தேய்க்கும் பொருளில் ஃபுளோரைடு இருந்தாலொழிய, அது பெரிதாகத் தடுப்பதில்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் குச்சியா பிரஷா என்ற வழக்கு தீர்ப்பில்லாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

இந்திய மருத்துவ நூல்களில் பல் துலக்குதல் தினசரி ஒழுக்கத்தின் முதற்படிகளில் ஒன்று. சுசுருத சம்ஹிதை பன்னிரண்டு விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள, நேரான, கணுவற்ற, பசுங்குச்சியைக் கேட்கிறது. சுவையை வைத்து மரங்களைத் தரம் பிரித்து, கசப்பில் வேம்பும் துவர்ப்பில் கருங்காலியும் இனிப்பில் இலுப்பையும் காரத்தில் புங்கும் சிறந்தவை என்கிறது. தேன், திரிகடுகு, எண்ணெய், இந்துப்பு முதலியன சேர்ந்த கலவையைத் தொட்டு, மென்று மிருதுவாக்கிய குச்சி நுனியால், ஈற்றைப் புண்படுத்தாமல், ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க வேண்டும் என்றும் அந்நூல் சொல்கிறது. இன்றைய பல் மருத்துவர் நோயாளிக்குச் சொல்வதில் இதைவிட நுணுக்கமானது அதிகம் இல்லை. சரக சம்ஹிதை நாளுக்கு இருவேளை துலக்கச் சொல்லி, புங்கு, அரளி, எருக்கு, மருது, வேங்கை ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. அரளியும் எருக்கும் நச்சுப் பால் உள்ளவை. மூல நூலில் இருக்கிறது என்பதற்காக இன்று எவரும் அவற்றை வாயில் வைக்க வேண்டியதில்லை. பின்வந்த ஆயுர்வேத ஆசிரியர் வாக்படரின் பட்டியலில் ஆலும் வருகிறது. செரியாமை, வாந்தி, காய்ச்சல், இருமல், இரைப்பு, வாய்ப்புண் உள்ளவர் குச்சியைத் தொடக் கூடாது என்ற விலக்கும் அவரிடம் உண்டு. நாக்கு வழிக்கப் பொன், வெள்ளி, செம்பு முதலிய உலோகத் தகடுகளைச் சரகர் சொல்கிறார். வசதியுள்ளவர்களை மனத்தில் வைத்துச் சொன்னதாக இருக்க வேண்டும்.

பௌத்தத் துறவிகளுக்கு இது சங்க விதியாகவே இருந்தது. பல் துலக்காவிட்டால் வரும் கேடுகளை விநயபிடகம் எண்ணிச் சொல்கிறது. வாய் நாற்றம் அவற்றில் ஒன்று. குச்சி எட்டு விரற்கடைக்கு மேல் போகக் கூடாது, நான்குக்குக் கீழும் குறையக் கூடாது என்று அளவும் வைக்கிறது. கி.பி. 671இல் சீனத்திலிருந்து கடல்வழியாகப் புறப்பட்டு, நாளந்தாவில் பத்தாண்டுகள் போலத் தங்கிய துறவி இட்சிங், தம் பயண நூலில் பல்குச்சிக்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். காலையில் குச்சியை மென்று பல்லைத் தேய்ப்பது, பிறகு அதையே இரண்டாகப் பிளந்து வளைத்து நாக்கு வழிப்பது, கழுவி எறிவது என ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார். இந்தியர் மெல்வது வில்லோ மரக்குச்சி என்று தம் நாட்டார் நினைத்திருந்ததையும் மறுத்தார். வேப்பங்குச்சியை நடுவே கிழித்து நாக்கு வழிக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அண்மைக்காலம் வரை பரவலாக இருந்தது. பதின்மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய அந்த விவரணை அதற்கு அப்படியே பொருந்துகிறது. தமிழில் பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை, விடியலில் குச்சியால் பல் துலக்கிக் கண் கழுவித் தெய்வம் தொழும் முறையை ஒழுக்க விதியாகச் சொல்கிறது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழி வீட்டுக்கு வீடு தெரிந்தது. நாயுருவி வேரும் துலக்கப் பயன்பட்டது. இஸ்லாமியரிடையே உகா மரத்து மிஸ்வாக் குச்சி நபிவழியாகப் போற்றப்படுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 1986இல் அதை ஏற்கத்தக்கதாகப் பரிந்துரைத்தது.

குச்சி கிடைக்காத இடத்திலும், மெல்லப் பல் வலுவில்லாத வயதிலும், பொடிதான் துணை. அடுப்புக்கரி, உமிக்கரி, சாம்பல், உப்பு, செங்கற்பொடி என்று கைக்கு எட்டியதெல்லாம் பல்லுக்குப் போயிற்று. உமிக்கரியில் நெல்லுமியின் சிலிக்கா இருப்பதால் கறை நன்றாகப் போகும். கூடவே பற்சிப்பியும் சிறிது சிறிதாகத் தேயும். ஆள்காட்டி விரலால் கடைவாய் வரை இழுத்துத் தேய்த்தாலும் பல்லின் உட்புறமும் இடுக்குகளும் அப்படியே தங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டில் பொட்டலப் பற்பொடிகள் வந்தன. மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் 1913இல் பி. வி. பண்டிட் தொடங்கிய சத்வைத்தியசாலையின் பொடி, அவ்வூர்ப் பெயரையே தாங்கித் தென்னிந்தியா முழுதும் விற்றது. சில பொடிகளில் புகையிலையும் கலந்திருந்தது. பல்வலியை அது மரத்துப்போகச் செய்ததால் மருந்தென்று நம்பியவர்கள் ஏராளம். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. பிரஷின் கதை சுருக்கமானது. பன்றிமயிர் பிரஷ் சீனத்திலிருந்து வந்ததாகச் சொல்வர். இங்கிலாந்தில் வில்லியம் ஆடிஸ் 1780 வாக்கில் தொழிலாகச் செய்து விற்றார். 1938இல் அமெரிக்காவில் நைலான் இழை பிரஷ் கடைக்கு வந்ததும் மயிர் ஒழிந்தது.

துலக்குதல் உண்மையில் எதைக் காக்கிறது என்பதற்கு மிகத் துல்லியமான சான்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. அதற்கு முன்பே, நார்வே நாட்டு ஆய்வாளர் ஹரால்ட் லோ, 1965இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு நலமாக இருந்தவர்களைத் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலச் சென்று பழைய நிலைக்குத் திரும்பியது. பிறகு 1970 முதல் 1985 வரை, இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களை அவரும் சகாக்களும் தொடர்ந்து பரிசோதித்தனர். தோட்டத் தொழிலாளர் என்றால் பெரும்பாலும் மலையகத் தமிழர். பிரஷால் துலக்கும் வழக்கமோ பல் சிகிச்சையோ அறியாதவர்கள் என்று அறிக்கை அவர்களைக் குறிக்கிறது. ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு அழன்றிருந்தது, காரை தடித்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றி, இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, நாற்பத்தைந்தில் வாய் முழுதும் காலியாயிற்று. 81 விழுக்காட்டினருக்கு அது மெல்ல நகர்ந்து, அதே வயதில் சராசரியாக ஏழு பற்களைக் கொண்டுபோனது. மீதி 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. நம் வாதத்துக்குத் தேவையான செய்தி இனிமேல்தான்: இவர்களிடம் சொத்தைப்பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. துலக்காத வாயில் ஈறு அழிந்தது, பல் சொத்தையாகவில்லை. பதினைந்து ஆண்டுகள் நோயின் இயல்பான போக்கைக் குறுக்கிடாமல் கவனித்த அந்த முறை ஆய்வறத்துக்கு உகந்ததுதானா என்ற கேள்வி தனியே இருக்கிறது. பாடநூல்கள் விழுக்காடுகளைச் சொல்லிவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

சொத்தைக்கு வேறு கணக்கு. பெர்லினில் பணியாற்றிய டபிள்யூ. டி. மில்லர் 1890இல் வெளியிட்ட நூலில், வாய்க் கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கின்றன என்று காட்டினார். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் படலத்தின் pH அளவு 5.5க்குக் கீழே இறங்கிப் பற்சிப்பி கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மீட்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே பெரிது. சுவீடனில் லுண்ட் நகருக்கு அருகே விப்பெஹோல்ம் விடுதியில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்து நடத்திய ஆய்வு (முடிவுகள் 1954இல் வெளியாயின) இதையே உறுதி செய்தது. சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரை சிறிதே கெடுத்தது; இடைவேளைகளில் கொடுத்த மிட்டாய் வாயையே நாசமாக்கியது. அந்த ஆய்வும் இன்று எந்த அறக்குழுவையும் தாண்டி வராது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைப் பங்கீடு இருந்த நார்வேயில் குழந்தைகளின் சொத்தை வீதம் இறங்கியது. அங்கே யாரும் பிரஷை மாற்றவில்லை.

முன்னோர் வேப்பங்குச்சியால் துலக்கியதால்தான் கிழவயதிலும் கரும்பு கடித்தார்கள் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. அவர்கள் பல் பொதுவாக நன்றாகத்தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் குச்சியையும் மென்றார்கள், பிஸ்கட்டும் சாக்லேட்டும் இனிப்புச் சோடாவும் இல்லாமலும் வாழ்ந்தார்கள். பலன் முழுவதையும் குச்சியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. எனினும் சர்க்கரை ஆலைக்கு வெகு முன்பே, வேளாண்மை தொடங்கிய காலத்திலேயே, சொத்தை இருந்தது. பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில் ஒன்பது பேரின் எலும்புக்கூடுகளில் கல்முனைத் துளைப்பானால் துளையிட்ட பதினொரு கடைவாய்ப் பற்கள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது 7,500 முதல் 9,000 ஆண்டுகள். குச்சி பயனற்றது என்பதும் தவறு. ஒழுங்காகப் பயன்படுத்தினால் படலத்தை நீக்குவதில் பிரஷுக்கு இணையாக நிற்கிறது என்று பல ஒப்பீடுகள் காட்டியுள்ளன. அதன் குறை வடிவத்தில்தான். மெல்லும் நுனி கைப்பிடியின் நேர்கோட்டிலேயே இருப்பதால் கடைவாயின் உட்புறத்துக்கு வளைந்து செல்லாது. அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு முன்வாய் ஈறு கீழிறங்குவதும் உண்டு. வேம்பிலும் உகாவிலும் கிருமிகளை அடக்கும் பொருள்கள் இருப்பது சோதனைக் கூடத்தில் உறுதியானது. சொத்தைக்கு எதிராக ஃபுளோரைடின் வேலையை அவை செய்யும் என்பதற்கு அந்த அளவுச் சான்று இல்லை.

இரண்டாவது மறுப்பு ஃபுளோரைடு நஞ்சு என்பது. இதைச் சொல்பவர்கள் கையில் வலுவான உதாரணம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகள் விழுந்தன. முற்றிய நிலையில் எலும்பும் மூட்டும் இறுகின. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் விழுங்கியதன் விளைவு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். பற்பசையிலுள்ளது, இந்திய விதிப்படி, பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மிகாதது; அதையும் துப்பிவிடுகிறோம். பல்லின் மேற்பரப்பில் தங்கும் சிறு அளவு, கரைந்த தாதுவை மீண்டும் படியவைக்கிறது. அப்படிப் படிந்தது எளிதில் கரைவதில்லை. ஃபுளோரைடு இல்லாத பசையோடு வெறுமனே துலக்குவதால் சொத்தை குறைந்ததென்று கட்டுப்படுத்திய ஆய்வுகள் காட்டவில்லை. ஃபுளோரைடு சேர்ந்ததும் குறைவு தெளிவாகத் தெரிகிறது. எனவே மூலிகைப் பற்பசை என்ற முத்திரை ஈற்றுக்கு நல்லதாக இருக்கலாம். சொத்தைக்கு, உறையின் பின்புறத்தில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு பசை போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கும் அளவு எவருக்கும் வேண்டாம்.

முறையில் சொல்ல வேண்டியது கொஞ்சமே. தலை சிறியதாகவும் இழை மிருதுவாகவும் உள்ள பிரஷை ஈறும் பல்லும் கூடும் கோட்டில் 45 பாகைச் சாய்வில் வைத்து, இடம் பெயராமல் சிறிதாக அசைத்து, பல் பல்லாக நகர்த்த வேண்டும். குறுக்குவாட்டில் அழுத்தி இழுப்பது கழுத்துப்பகுதியைத் தேய்த்துக் கூச்சத்தை வரவழைக்கும். காலை, இரவு இருவேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவே முக்கியம், தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால். நம் வழக்கம் காலையை மட்டும் பிடித்துக்கொண்டது. சரகர் இருவேளை சொல்லியிருந்தும், துலக்குதலை உடல் தூய்மைச் சடங்காகவே வீடுகள் கருதியதன் விளைவு அது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். ஈற்றில் ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவோர் பலர். அங்கேதான் படலம் கூடுதலாக இருக்கிறது. இறுகிய காரையை எந்தப் பொடியும் கரைக்காது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் பல் ஆடும் என்பது பிழை. ஏற்கெனவே எலும்பு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை மறைத்திருந்தது, அவ்வளவே. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் ரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கும்.

உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதேனும் வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணித்தது. இந்தியாவில் பல் மருத்துவச் சட்டம் 1948இலும் தேசிய வாய்நலத் திட்டம் 2014இலும் வந்தன. பல் மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கின்றனர்.